கட்டுரையில் எந்தப் பெயர்

ஈப்போ,
ஞாயிறு மாலை

அன்புள்ள லோஷினிக்கு அம்மா எழுதுவது. நானும் பூனையும் சுகம், நீயும் உன் இருமலும் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. இங்கே மதியத்துக்கு மேல் தினமும் மழை, பின்பக்கக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டு மெலிண்டா அக்கா தெரிந்த ஆளை அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கல்லூரி அலுவலகத்தில் புது மாணவர் சேர்க்கை, தலை நிமிர நேரமில்லை.

போன வாரம் நீ கேட்டதற்கு போனில் பதில் சொல்லாமல் விட்டேன், யோசிக்க வேண்டியிருந்தது. இதற்கு முன் வந்த இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் நீ பலரில் ஒருத்தி, நீயே தலைமையேற்று எழுதுவது இதுதான் முதல். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் கனகராஜின் மகள் லோஷினி என்று இருப்பதைப் பார்த்து ஜெர்மனிக்காரர்கள் கனகராஜ் என்பதையே உன் பெயராக்கிவிட்டார்கள். இதிலும் அப்படியே வந்தால் நட்சத்திர ஆராய்ச்சியில் ஆயுசுக்கும் நீ டாக்டர் கனகராஜ்தான், மாற்றுவதென்றால் இப்போதே மாற்று என்று உன் பேராசிரியர் சொன்னதாகச் சொன்னாய், அந்த இடத்தில் என் பெயரை, புனிதா என்று போட்டுக்கொள்ளவா என்றும் கேட்டாய். இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதுவதாகத்தான் இருந்தேன், அதற்குள் சுங்காயில் உன் அத்தை மகள் கல்யாணம் வந்தது.

உன் அப்பாவும் பீடோரிலிருந்து வந்திருந்தார். நம்மை விட்டுப் போனபோது நீ பாலர் பள்ளிக்குக்கூடப் போகவில்லை, அதன் பிறகு நான் அவரைப் பார்த்ததே இந்த மாதிரி விசேஷங்களில்தான். இப்போதுள்ள மனைவியும் கூட வந்திருந்தார், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். உன் அப்பா மேசை மேசையாகப் போய் போனில் உன் பழைய கட்டுரையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஐயாவு மாமா விடவில்லை, மச்சான் நீ புடிச்சது லோரி ஸ்டேரிங், டெலஸ்கோப் எப்போ புடிச்சே என்றார், எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்துக்கொண்டே என் பேருதான் லா, வேணும்னா நீயே படி என்று போனை நீட்டினார்.

கை கழுவும் இடத்தில் என்னிடம் வந்தார். புனிதா, கறுப்பா இருக்கிற எடத்துலதான் நட்சத்திரம் பொறக்குதாமே, நெசமா என்று கேட்டார். போன் மலாயில் மொழிபெயர்த்ததைப் படித்திருக்கிறார், பாதி புரியவில்லையாம். நீ எனக்குச் சொன்னதைச் சொன்னேன், அது வெறும் இடம் இல்லை, தூசும் வாயுவும் அடர்ந்து பின்னால் இருக்கும் வெளிச்சத்தை மறைக்கிறது, நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் தன் பாரம் தாங்காமல் உள்ளே சரிந்து நட்சத்திரமாகிறது, சிலி மலையில் உள்ள ரேடியோ தட்டுகளை வைத்து லோஷினி அந்த உள்பக்கத்தைப் பார்க்கிறாள் என்று. கவனமாகக் கேட்டார். எவ்வளவு நாளாகும் என்றார், லட்சக்கணக்கான வருஷம் என்றேன். அப்போ யாரும் கூடவே இருந்து பாக்க முடியாது என்றார்.

அவர் எதையும் நினைத்துச் சொல்லவில்லை, எனக்குக் கோபமும் வரவில்லை. ஆனால் கூடவே இருந்தது யார் என்று எனக்குத் தெரியும். பௌதிக டியூஷனுக்கு உன்னைக் கோலா கங்சாருக்குக் கூட்டிப் போய், முடியும்வரை காரில் உட்கார்ந்திருந்தது நான். அதற்குப் பதிலாக எதுவும் வேண்டுமென்று இத்தனை வருஷத்தில் தோன்றியதில்லை, இப்போது தோன்றுகிறது. உன் கட்டுரையில் என் பெயர் வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது லோஷினி. இதையே நாசூக்காக எழுதிப் பார்த்தேன், படித்தால் பொய்யாக இருந்தது. புனிதா என்றே போடு.

இனி என் பெயர்தான் வரும் என்று அவரிடமும் அங்கேயே சொல்லிவிட்டேன், அந்த வேலையை உன் தலையில் வைக்க விருப்பமில்லை. ஏற்கெனவே வந்த ரெண்டையும் அழிச்சிருவாங்களா என்று கேட்டார். மாட்டார்கள், அது எப்போதும் அப்படியே இருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டு, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மனைவி இருந்த மேசைக்குப் போனார்.

குளிரில் பாத வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, ராத்திரியில் ரொட்டியோடு நிறுத்திவிடாதே. எடுத்த வேலை உனக்கு நல்லபடியாகக் கைகூடட்டும், முருகன் துணையிருப்பான். முடிந்தால் அப்பாவுக்கு ஒருமுறை போன் செய். பெயரைப் பற்றிப் பேச வேண்டாம், நட்சத்திரங்களைப் பற்றி அவருக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றன, எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா
புனிதா