ரசத்தைத் திட்டாத மதியம்

12.5.58, திங்கள்

கத்திரி வெயில். வார்டு மின்விசிறி மறுபடி ரிப்பேர்.

புது கேஸ்: சீனிவாசாச்சாரி, 52, ஸ்ரீரங்கம், கல்யாண சமையல். வயிறு உப்பல், வாந்தி, இரண்டு நாளாக வாயுகூடப் பிரியவில்லை. பழைய ஆபரேஷன் தழும்பு. குடல் அடைப்பு. மூக்கில் குழாய், கையில் சலைன். சீஃப்: "பொறுத்துப் பார்ப்போம். ஏதாவது மாறினா உடனே சொல்லு."

வலி விட்டு விட்டு வருகிறது. வந்தால் "ரங்கா!" என்று மாடி அதிரும். விட்டால் பக்கத்துக் கட்டில் ரசத்துக்கு விமர்சனம். பிறர் சமைத்ததைத் தொட மாட்டார், ஆசாரம். மோந்தே தீர்ப்பு. "இது சாத்துமதா, டாக்டர்வாள்? கையலம்பின ஜலம்!"

நாடி 88.

13.5.58, செவ்வாய்

காலை: கத்தல், திட்டு, இரண்டும் குறைவில்லாமல். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் அழாத குறை.

பகல் 1 மணி: அமைதி. சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "சாமி இப்பதான் அடங்கினாரு. எழுப்பாதீங்க, டாக்டர்." அவர் மனைவி: "மனசுக்குள்ளே நாமம் சொல்லிண்டிருக்கார். பெருமாள் கண்ணைத் திறந்துட்டார்."

எனக்குத்தான் உதைத்தது. பக்கத்தில் ரசம் மணக்கிறது, மனிதர் வாயே திறக்கவில்லை. வலி எப்படி என்றேன். "இப்போ விடவே மாட்டேங்கறது." நாடி 124. காய்ச்சல் 100. தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடம், தொட்டால் துடிக்கிறார். விட்டு விட்டு வந்த வலி விடாமல் நின்றால், குடலுக்கு ரத்தம் குறைகிறதோ என்று பார்க்க வேண்டும். படித்ததுதான்.

ஆனால் சீஃபின் பகல் தூக்கம்! போன மாதம் வேறொரு குடல் அடைப்புக்கு இப்படித்தான் வரவழைத்தேன். அவர் உள்ளே நுழையவும் அடைப்பு தானே விட்டு நோயாளிக்கு வாயு பிரிந்தது. வார்டே சிரித்தது.

போன் செய்துவிட்டேன். "எதை வெச்சுச் சொல்றே?" பயத்தில் முதலில் வந்தது: "சார், ரசத்தைத் திட்டலை."

அவசரமாக நாடி, காய்ச்சல், வலி எல்லாம் ஒப்பித்தேன். சீஃப்: "தியேட்டரை ரெடி பண்ணு."

வயிற்றைத் திறந்தால் ஒரு முழம் சிறுகுடல், பழைய ஆபரேஷன் உள்ளே விட்ட தழும்பு நாரில் மாட்டிக் கருநீலம். நாரை வெட்டி, வெந்நீர்த் துணி சுற்றிக் காத்திருந்தோம். மனசுக்குள் சொன்ன 'அருள் நிறைந்த மரியாயே' ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று. மெல்லச் சிவந்தது. சீஃப்: "சாயங்காலம் வரை விட்டிருந்தா வெட்டி எறிய வேண்டியிருக்கும்." அழுதுவிட்டேன். முகத்தில் துணி கட்டியிருந்தது நல்லதாயிற்று.

17.5.58, சனி

செருப்புத் தைக்கக் கொடுக்கணும். அம்மாவுக்குக் கடிதம்.

சாமிக்கு வாயு பிரிந்தது! சீஃப் முன்னாலேயே. "இந்தத் தடவை நேரம் சரி" என்றார் என்னிடம்.

மதியம் சமையல்காரர் தானே டம்ளரில் புது ரசம் கொண்டுவந்து மூக்கருகே நீட்டினார். சாமி மோந்தார். "நன்னாருக்கு."

மறுபடியும் திட்டவில்லை! கையைப் பிடித்து நாடி எண்ண ஆரம்பித்தேன். சாமி என் காதருகே கிசுகிசுத்தார்:

"பயப்படாதேள். பாவம், முன்னாடி நிக்கறாரேன்னு சொன்னேன். சுத்த வெந்நீர்."