கித்தேரியம்மாள் கப்பலில் மெத்தை விரித்த வைபவம்

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்.

அன்பு மகள் ஜென்சிக்கு, பெறாவிட்டாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா உபகாரம், வலது கையை வானத்துக்கு உயர்த்தி இடது கையால் பேனாவைப் பிடித்துச் சத்தியம் பண்ணி எழுதுவது. இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை நீ நம்பமாட்டாய், உன்னோடு ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கும் வெள்ளைக்காரிகள் நம்பமாட்டார்கள், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று சொன்னாலும் நம்ம பங்குச்சாமியார் மூன்று அருள்நிறை மரியே அபராதம் போட்டு எழுப்பி அனுப்பிவிடுவார். ஆனாலும் சொல்லாமல் விடப்போவதில்லை, ஏனென்றால் பார்த்தது நான், கூட இருந்த சாட்சி உன் சித்தி, அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

முதலில் சுகம். இங்கே நானும் சித்தியும் நம்ம லாட்ஜின் மூன்று ரூம்பும் சமையல்கட்டு ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கிற காட்டெருமையும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாய்க் கெடக்கோம், அதுபோல அடிலெய்டில் நீயும் உன் முழங்கால் வலியும் இருப்பீர்கள், நீ மட்டும் சுகமாகவும் வலி சுகமில்லாமலும் இருக்க மன்றாடுகிறோம். மேகம் இறங்கிப் பத்து நாளாய் ஏறவில்லை, துவைத்த விரிப்புகள் எல்லாம் ஈரக் கோழிகள் மாதிரி கொடியில் தொங்குகின்றன, ஈ-பாஸ் எடுத்து வருகிற கூட்டமும் குறையவில்லை. போன வாரம் ஒருத்தர் ரூம்பில் ஏசி உண்டா என்று கேட்டார், நான் ஜன்னலைத் திறந்து காட்டினேன், மனுசன் அப்போது போர்த்தின கம்பளியை ஊருக்குப் போகும்வரை கழற்றவில்லை, தும்மல் சத்தம் மட்டும் பேத்துப்பாறை வரைக்கும் கேட்டதாகச் சேதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் கேட்டது ஒரே கேள்வி, கப்பலில் சித்தி ரெஸ்ட் எடுத்தாளா என்று. அவளிடம் கேட்டால் எடுத்தேன் எடுத்தேன், நீ சாப்பிட்டியா தாயி என்று சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறாள், அதை வைத்து நீ என்ன கண்டாய். அவள் வலது தோள்பட்டை இறுகிப்போய்க் கையைக் காதுக்கு மேலே தூக்க வராமல் கெடந்ததும், இன்னொரு சீசனை இப்படியே ஓட்டினால் கை மொத்தமாய் நின்றுபோகும் என்று திண்டுக்கல் டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்டினதும் உனக்குத் தெரியும். அதற்காகத்தான் நீ கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பினாய், இங்கே அதற்காகத்தான் போர் மூண்டது. சித்தியின் தம்பி செல்வின் இருக்கிறானே, உன் மாமன், அவன் வந்து நடுவீட்டில் நின்றுகொண்டு, ஏன் மச்சான், ரெண்டு பேர் கப்பல்ல போற செலவுக்கு நம்ம சனம் மொத்தமும் வேன் பிடிச்சு வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரின்னு சுத்தி வந்து அடுத்த வருசத்துக்கும் மிச்சம் வைக்கலாமே, கப்பல்ல போயி என்னத்தப் பாக்கப் போறீங்க, தண்ணிதானே, அது நம்ம ஏரியிலேயும்தானே கெடக்கு என்றான். உன் சித்தியும் அவன் சொல்றது சரிதானேங்க என்று தலையாட்டினாள்.

எனக்கு அப்போதுதான் ஒரு துப்பறியும் ஆசை வந்தது மகளே. அதே வழி, அதே வேன், வருசா வருசம் மற்றவர்களுக்கு ஆகிற செலவில் பாதிதான் நமக்கு ஆகிறது, இது எப்படி நடக்கிறது, என்ன மாயம் என்று யோசித்தேன். மாயம் ஒன்றுமில்லை, வேனின் கடைசி சீட்டுக்கடியில் கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, பெரிய குக்கர், அதன் பக்கத்தில் உன் சித்தி கித்தேரியம்மாள். கன்னியாகுமரியில் சூரியன் கடலிலிருந்து எழும்பினபோது சனம் முழுக்க ஆ என்று பார்த்தது, அவள் லாட்ஜ் பின்வாசலில் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். தொப்பியும் விசிலுமாய் நான் முன்னால் நடக்கிறேன், அவள் பின்னால் குக்கர் விசிலை எண்ணுகிறாள். சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு செல்வின் வழக்கமாய்ச் சொல்வது, சாம்பாருக்கு உப்பு ஒரு கல்லு கம்மிதான் அக்கா, ஆனாலும் டூர்னா இதுதான் டூரு. சல்லிசான பயணத்தில் மிச்சமாகிற காசு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த முதல் ஆள் இந்த உலகத்தில் நான்தான் என்று நினைக்கிறேன், பட்டம் கிட்டம் கொடுப்பார்களா என்று அங்கே விசாரித்து எழுது.

ஆக, கப்பலேறினோம். அந்தக் கப்பலை என்னவென்று சொல்ல. சென்னைத் துறைமுகத்தில் அதன் மூக்கு நின்றது, வால் செங்கல்பட்டுப் பக்கம் எங்கேயோ கெடந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக நடுவில் இரண்டு பஸ் ஸ்டாப்பும் ஒரு டீக்கடையும் உண்டு. நம்ம ஏரியைத் தூக்கி அதன் குளியல் தொட்டியில் விட்டால் கணுக்கால் நனையாது. சாப்பாட்டு மேசை மூஞ்சிக்கல்லில் தொடங்கிப் பெருமாள்மலையில் முடிகிற நீளம், நான் ஒரு ஓரமாய் உட்கார்ந்து நிதானமாய்ச் சாப்பிட்டதில் கப்பல் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, கேப்டனே வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, ஐயா பெரியமனசு பண்ணி அடுத்த ரவுண்டை வலப்பக்க மேசையில் வச்சுக்கிறீங்களா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கே கடலில் மேகம் இறங்கியது. கேப்டன் கைபிசைகிறார், கருவியெல்லாம் கெட்டுப்போச்சாம். கொடை மேகத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஓட்டின கைதானே இது, நான் கப்பல் ஓரமாய்ப் போய் நின்று, தகரத்தில் ரெண்டு தட்டுத் தட்டி, வரலாம் வரலாம், ஒடி ஒடி, ரைட்டு போலாம் என்று குரல் கொடுத்தே திரிகோணமலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எதிரே வந்த திமிங்கலம் ஒன்று ஓரம் கட்டி நின்று வழிவிட்டது, நல்ல வளர்ப்பு.

உன் சித்தியோ இது ஒன்றையும் பார்க்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கழுவுகிற குழாய் எங்கே இருக்கிறது என்று கப்பல் பூராவும் தேடிக்கொண்டிருந்தாள், ஒரு வெள்ளை உடுப்புக்காரர் தட்டைப் பிடுங்காத குறையாய் வாங்கிப் போனார். அதோடு விட்டாளா. மறுநாள் வெள்ளனே, இன்னும் வெளிச்சம் சரியாய் வரவில்லை, முழித்துப் பார்க்கிறேன், என்னையும் உருட்டித் தள்ளிவிட்டு விரிப்பை உருவுகிறாள். தலையணை உறையெல்லாம் கழற்றி விரிப்புக்குள் போட்டு நாலு முனையையும் சேர்த்து இழுத்து நம்ம லாட்ஜ் முடிச்சு ஒன்று போட்டு மூட்டையை ரூம்பு வாசலில் வைத்துவிட்டாள். பீரோவில் இருந்த மாற்று விரிப்பை எடுத்து ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து, குளியலறையையும் தேய்த்துக் கழுவி, அந்தக் கையோடு, அந்த வலிக்கிற கையோடு மகளே, செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். ஏ கித்தேரி, இதுக்கா பிள்ளை நம்மளை இங்க அனுப்பிச்சு என்று கேட்டால், போட்டது போட்டபடி போட்டுட்டுப் போனா நம்மளை என்ன நினைப்பாக, நம்ம லாட்ஜுக்கு வார சனம் மாதிரி நாமளும் இருக்கவாங்க என்கிறாள்.

வந்தது வினை. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம், வெளியே கோட்டுப் போட்ட ஒரு மேல்பார்வைக்காரர், அவர் பக்கத்தில் முகம் செத்துப்போய் ஒரு பொம்பளை, அவள்தான் எங்கள் ரூம்பைச் சுத்தம் பண்ணுகிற ரோகிணி, சின்னமனூர்க்காரி. வாசலில் மூட்டை கட்டி வைத்தால் அங்கே அதற்கு என்ன அர்த்தமாம் தெரியுமா, இவள் விரித்த படுக்கை எங்களுக்கு ஆகவில்லை, வேண்டாம் என்று வெளியே எறிந்துவிட்டோம் என்று அர்த்தமாம். கோட்டுக்காரர் எங்களிடம் பத்து முறை சாரி கேட்கிறார், கேட்கக் கேட்க அந்தப் பிள்ளையைத் திரும்பித் திரும்பி முறைக்கிறார். நான் சீசன் கூட்டத்திடம் பேசுகிற இங்கிலீஷை எல்லாம் எடுத்துவிட்டு, ஷீ லாட்ஜ், வீ லாட்ஜ், ஆல் லாட்ஜ் என்று விளக்கி அவரை அனுப்பி வைக்கப் பட்ட பாடு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். அவர் போனதும் ரோகிணி உள்ளே வந்து படுக்கையைத் தடவிப் பார்த்தாள். என்னைவிட நல்லாத்தான் விரிச்சிருக்கீங்க அக்கா, ஆனா இன்னொரு தடவை இப்படிப் பண்ணினீங்கன்னா எனக்கு இங்க சோலி இல்லைன்னு எழுதிருவாங்க, எனக்கு உதவி செய்யணும்னா படுக்கையைக் கலைச்சுப் போட்டுட்டுச் சும்மா இருங்க, அது போதும் என்றாள். உன் சித்திக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டாக்டர் சொல்லி, நீ சொல்லி, நான் தொண்டைத்தண்ணி வற்றக் கத்திக் கேட்காதவள், இன்னொருத்தி பிழைப்பு என்றதும் கேட்டுக்கொண்டாள்.

கேட்டுக்கொண்டாளே தவிர அந்தக் கை கேட்கவேண்டுமே. மறுநாள் எழுந்து நின்று கஷ்டப்பட்டு விரிப்பைக் கசக்குவாள், அடுத்த நிமிசம் அவளுக்கே தெரியாமல் கை போய் அதை நீவிவிடும், மறுபடியும் கசக்குவாள், மறுபடியும் நீவுவாள், பார்க்கப் பரிதாபமாய் இருந்தது. ரோகிணி வந்து பார்த்துவிட்டு, அக்கா நின்னுக்கிட்டுக் கலைச்சா நிக்காது, படுத்துக் கலைங்க என்று சிரித்தாள். அப்போதுதான் உன் சித்தி கப்பலேறின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள், ஏம்மா இத்தனை ஆயிரம் படுக்கை இருக்கே, ஒரு கொடியைக்கூடக் காணோமே, எங்கேதான் காயப்போடுறீங்க என்று. எனக்கும் அதுதான் மண்டையைக் குடைந்தது, எஞ்சின் எங்கே, எண்ணெய் எங்கே என்று கேட்காமல் விரிப்பு எங்கே காய்கிறது என்று கேட்டவர்கள் கடல் சரித்திரத்திலேயே நாங்கள்தான். கீழே இருக்குக்கா, வீடு தண்டி மிசினு, உள்ள ஈரமா போனா சுடச்சுட வந்து விழும் என்றாள். போய்ப் பார்க்க விடமாட்டார்களாம். சித்திக்கு முகம் வாடிப்போச்சு. அன்றைக்குச் சாயந்திரம் ரோகிணி வெரசா ஓடிவந்து மிசினிலிருந்து அப்போதே எடுத்த ஒரு விரிப்பைச் சித்தியின் தோளில் போர்த்திவிட்டுப் போனாள். சொட்டு ஈரம் இல்லாத, சுடச்சுட இருந்த விரிப்பு மகளே. இந்த ஊரில் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. அதை முகர்ந்து பார்த்தாள், வலிக்கிற தோளில் அழுத்தி வைத்துக்கொண்டாள், அப்படியே சரிந்து படுத்தாள். தூங்கினாள் பார், அப்படியொரு தூக்கம், குறட்டைச் சத்தத்தில் இலங்கைக் கடற்படையே திரண்டு வந்து எந்த நாட்டுப் படை இது என்று ஒலிபெருக்கியில் கேட்டது, நான் வெள்ளைத் தலையணை உறையைக் காட்டிச் சமாதானம் பேசி அனுப்பினேன்.

அங்கேயும் ஒருத்தி விரிக்கத்தான் செய்கிறாள், மடிக்கத்தான் செய்கிறாள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவளுக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு. லீவில் ஊருக்குப் போனால் என்னம்மா செய்வே என்று சித்தி கேட்டதற்கு, படுத்துத் தூங்குவேன், யாரும் எழுப்பக்கூடாதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிருவேன் என்றாளாம். நம்ம வேனில் போகிறவளுக்குக் கிடைப்பது உப்பு ஒரு கல் கம்மி. ஆகவே சொகுசு என்றால் தங்கத்தட்டும் வெள்ளிக்கரண்டியும் என்று நினைத்திருந்த எனக்கு, நம்ம வீட்டு ஆள் வேலை செய்யாமல் இருக்கிற இடம் எதுவோ அதுதான் சொகுசு என்று புரிந்தது. அது கப்பலாய்த்தான் இருக்கவேண்டுமா, ஓட்டல் சாப்பாட்டோடு ஒரு வேனாய் இருந்தால் போதாதா என்று நீ கேட்டால் கேள், ஆனால் தரையில் இருந்தால் அவள் அடுப்பைத் தேடிப் போய்விடுவாள், கடல் நடுவில் எங்கேயும் ஓடமுடியாது, அந்த வசதி கப்பலில்தான் உண்டு.

செல்வின் நேற்று வந்தான், செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கு வேன் பேசியாச்சு, அக்கா சாமான் பட்டியலைச் சொல்லுங்க என்றான். சித்தி பூண்டு உரித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அடுப்பு ஏத்துனா நான் ஏறமாட்டேன்லே, நான் ஏறணும்னா அடுப்பு ஏறக்கூடாது என்றாள். செல்வின் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன். செலவு கூடுமே அக்கா என்று இழுத்தான். கூடட்டுமே, இத்தனை வருசமும் எங்கிட்ட இருந்துதானே குறைச்சே என்றாள். எழுந்து போனவன் வாசலில் நின்று ஓட்டல் சாம்பாரில் உப்பு சரியா இருக்குமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போனான், பாவம், போகப்போகத் தெரிந்துகொள்வான்.

குளிரில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ, நைட் டியூட்டியில் வெறும் காப்பியைக் குடித்தே பொழுதைப் போக்காதே. சித்தி தோளுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாளா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் கேட்காமல் என்னிடம் கேள், அவள் சொல்வதை நம்பாதே, நான் சொல்வதையும் பாதிதான் நம்பு. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக, நீ நினைத்ததெல்லாம் கூடிவரும், நல்லா இரு தாயி.

இப்படிக்கு,
திமிங்கலம் வழிவிட்ட உன் சித்தப்பா,
உபகாரம்.

பி.கு. இதை மடித்து ஒட்டும் முன்னால் மனசு கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கேப்டன் என்னைக் கும்பிடவில்லை, அவரை நான் பார்த்ததேயில்லை. மேகமும் இல்லை, திமிங்கலமும் இல்லை, கடற்படை வரவில்லை, உன் சித்திக்குக் குறட்டையே கிடையாது. ரோகிணி பேசினதிலும் பாதி அவள் சொன்னது, மீதி நான் கோத்தது. இதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் சத்தியமாய் மெய். அன்றைக்குப் படுத்தவள் மறுநாள் சூரியன் கடலுக்கு மேலே நன்றாய் ஏறி, காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போச்சு. நான் எழுப்பவில்லை.