லாரிமர் தன் கப்பலில் ஏறிய நாள்

ஸ்கெர்விக் துறைமுகம்,
1857, மே மாதம்.

என் மகன் கட்பர்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை ஃபீபியும் உண்டு உடுத்தி நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த ஆஸ்திரேலியத் தங்கக் குழிகளில் கைகால் சேதமில்லாமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரை விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. ஃபீபி சத்தமாக வாசிக்கச் சொன்னாள், நான் பாதியில் நிறுத்தி மடித்து வைத்துவிட்டேன். அப்பாவைக் கொன்றவனை உன் கையாலேயே முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்றும், ஊர் வந்து சேரும் கப்பல் கூலிக்காகக் குழியில் உன் பங்கை விற்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாயே, அதை மாசமாக இருக்கிற பெண் காதில் எப்படிப் போடுவது? ஆமாம், அவள் மாசமாக இருக்கிறாள், நவம்பர்க் குளிருக்கு முன்னால் பிள்ளை பிறந்துவிடும், அவள் புருஷன் கயிற்றுப்பட்டறையில் ஒழுங்காக வேலைக்குப் போகிறான், குடிப்பதில்லை. பங்கை விற்காதே. இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் எதையும் விற்காதே. அவனை மன்னிக்கச் சொல்லித்தான் உனக்கு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே, அந்த வார்த்தை இந்த வீட்டில் இப்போது புழக்கத்தில் இல்லை.

போன வருஷம் போதகர் எனக்காக எழுதிய கடிதத்தில் ஆல்பியன் கப்பல் மூழ்கியது, உன் அப்பாவைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று மட்டும் எழுதினார். அப்போது எனக்குப் பேனா பிடிக்கக் கை வரவில்லை. மீதியை நீ அங்கே யாரிடமோ கேட்டிருக்கிறாய், கேட்டதில் பாதி தப்பு. நடந்தது இதுதான். உன் அப்பா வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பலின் அடியறைக்குள் இறங்கிப் பார்த்தார். வெளியே புதுத் தாரும் பச்சை வண்ணமும் கல்யாணப்பெண் மாதிரி மின்னியதாம், உள்ளே பலகையில் பேனாக்கத்தியைக் குத்தினால் ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கியதாம். இதில் ஏறமாட்டேன் என்று அவரும், பக்கத்து வீட்டு கெசாயாவின் இரண்டு மகன்களும், இன்னும் சிலரும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஏற மறுத்தால் குற்றமாம். மாஜிஸ்திரேட் யார் தெரியுமா, கப்பல் முதலாளி லாரிமரின் மனைவியுடைய அண்ணன். சிறைக்குப் போகிறோம் என்று உன் அப்பா சொன்னார், அதற்கும் விடவில்லை. போலீஸ்காரர்கள் கைவிலங்கோடு நடத்திக்கொண்டுபோய்க் கப்பல் தளத்தில் வைத்துத்தான் அவிழ்த்துவிட்டார்கள். நான் கரையில் நின்றேன். உன் அப்பா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அன்னா, கோழிக் கூண்டுக் கதவு ஆடுது, தச்சன் ஜார்ஜ் கிட்டச் சொல்லி ஆணி அடிக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேசினார். மறுநாள் சாதாரணக் காற்று, புயல்கூட இல்லை, துணி காயப்போடுகிற காற்று. மீன்பிடிக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள், நிலக்கரிப் பாரம் தாங்காமல் அடி பிளந்து, வாளியை அமுக்கினமாதிரி உள்ளே போய்விட்டதாம். அவர்கள் துடுப்புப் போட்டு வருவதற்குள் தண்ணீர்மேல் ஒரு தொப்பி இல்லை. விசாரணை வைத்தார்கள், கடவுளின் செயல் என்று தீர்ப்பு எழுதினார்கள். லாரிமருடைய உளுத்த மரத்துக்குக் கடவுள் பழி ஏற்கவேண்டியதாயிற்று. லாரிமர் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு விதவை வீட்டுக்கும் உப்புப் போட்ட பன்றித்தொடை ஒன்று அனுப்பினான். என் வீட்டுக்கு வந்ததை அவன் வாசல் கதவிலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே தொங்கியது, ஊர் நாய்கள் எல்லாம் அவன் வாசலில்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் நினைத்ததை எல்லாம் எழுதினால் தாளுக்கே ஆகாது. நீ கத்தியை நினைத்தாய், நான் தீயை நினைத்தேன், சுண்ணாம்புக் காரத்தை நினைத்தேன், அவன் குதிரைவண்டி திரும்புகிற மலைவளைவில் என்ன வைக்கலாம் என்றுகூட நினைத்தேன். கெசாயா இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை, என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து வலை முடிந்துகொண்டே இருப்பாள். ஒருநாள் நான் என் யோசனைகளை எல்லாம் கொட்டித் தீர்த்தபோது அவள் முதல்முறையாகப் பேசினாள். "அக்கா, அதெல்லாம் அவனுக்குச் சுலபம். எம் புள்ளைங்க எதுல போனாங்களோ அதுல அவன் போகணும்" என்றாள். பேசிவிட்டுத் திரும்பவும் வலையை எடுத்துக்கொண்டாள். அந்த வார்த்தை என் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

மார்ச் மாதம் அவனுடைய அடுத்த கப்பலுக்குச் சரக்கு ஏற்றினார்கள். மனைவியின் பெயரை வைத்திருந்தான், டொரோதியா. ஆல்பியனைவிடக் கிழம். கேப்டன் நெட் ஹார்ல், உனக்குத் தெரியும், உனக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தவர். அவரே கையை விரித்துவிட்டார், அவரோடு ஆட்களும் மறுத்தார்கள். உடனே வழக்கு. அதே சமயம் லண்டனிலிருந்து இன்சூரன்ஸ்காரர் ஒருவர், ப்ரையர் என்று பெயர், ஊர் விடுதியில் வந்து தங்கியிருந்தார். ஒரே முதலாளியின் கப்பல்கள் அடிக்கடி மூழ்குவது அவருடைய ஆட்களுக்கு உறுத்தியிருக்கிறது. ஃபீபி அப்போது அந்த விடுதியில்தான் காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்தாள், அதனால் எனக்குத் தெரிந்தது. முட்டை வைக்கும்போது சும்மா சொல்லுகிறமாதிரி, இன்றைக்குக் கோர்ட்டில் டொரோதியா வழக்கு, வேடிக்கையாக இருக்கும் என்று சொல்லிவை என்றேன். சொன்னாள். நான் கோர்ட்டுக்குப் போனபோது ப்ரையர் முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் பெண்கள் எல்லோரும் பின்னால் நின்றோம், எல்லோருக்கும் கறுப்புத் துணி. லாரிமர் சாட்சிக் கூண்டில் ஏறினான். இன்சூரன்ஸ்காரர் காதில் விழட்டும் என்று குரலை ஏற்றி, "டொரோதியா எங்க வீட்டு வரவேற்பறை மாதிரி உறுதியானது, இந்தச் சோம்பேறிங்க வேலைக்குப் பயந்து கதை கட்டுறாங்க, நான் என் பொண்டாட்டி பிள்ளைங்களையே அதுல ஏத்தி அனுப்புவேன்" என்றான். இதற்காகத்தானே நான் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன். கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தேன். "பொண்டாட்டி பிள்ளைங்க எதுக்கு ஐயா, நீங்களே ஏறுங்க" என்றேன். மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். "வாயை மூடு பொம்பளே!" என்றார். அதற்குள் கெசாயா மரச்செருப்பால் தரையைத் தட்ட ஆரம்பித்தாள், பக்கத்தில் நின்றவள் தட்டினாள், பிறகு எல்லோரும். ஏறுங்க, ஏறுங்க என்று ஒரே சத்தம், கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. குற்றவாளிக் கூண்டிலிருந்து நெட் ஹார்ல், "முதலாளி வந்தா நாங்க இப்பவே வர்றோம், சிறையும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார். லாரிமர் சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அப்போது ப்ரையர் எழுந்திருக்காமலே மெதுவாகத்தான் கேட்டார், "ஏன், லண்டன் வரைக்கும் போய்ட்டு வர்றதுல உங்களுக்கு என்ன சிரமம்?" அவன் முன்வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தான், மாஜிஸ்திரேட் மச்சானைப் பார்த்தான், இன்சூரன்ஸ்காரரைப் பார்த்தான். மாட்டேன் என்றால் அவனே தன் கப்பல்களை எல்லாம் உளுத்தது என்று சொன்னதாகிவிடும். "எனக்கென்ன, போறேன்" என்றான். கன்னத்தில் ரத்தமே இல்லை, பிசைந்து வைத்த மாவு மாதிரி.

என் பழிக்காக மற்றவர்களைச் சாகவிடுகிறேனா என்று எனக்கு உறுத்தாமல் இல்லை. நெட் ஹார்லிடம் போய் அதைக் கேட்டேன். "அன்னா, அவன் வராட்டியும் எங்களை விலங்கு போட்டு ஏத்தத்தான் போறாங்க. அவன் இருந்தாத் திருப்பச் சொல்ல ஒரு வாய் கூடுதலா இருக்கும். படகு ரெண்டையும் தயாரா வெச்சிருப்பேன், கரையை விட்டுக் கண்ணு எடுக்கமாட்டேன்" என்றார். நல்ல காற்று அடிக்கும் நாளாகப் பார்த்துக் கப்பலை எடுத்தார். லாரிமர் உயரத் தொப்பியும் தோல் பெட்டியுமாக ஏறினான். உன் அப்பா ஆல்பியன் தளத்தில் நின்றமாதிரியே அவன் நிற்பதை நான் கரையிலிருந்து பார்த்தேன். கையசைக்கவில்லை.

கடலில் நடந்ததைக் கப்பல் சமையல்காரன் டாபி சொல்லித்தான் கேட்டேன், அவன் ஒவ்வொரு மதுக்கடையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறான். முதலில் முதலாளி கேபினில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கால்நனைந்து வெளியே ஓடிவந்தானாம். "தண்ணி வருது! தரையில தண்ணி!" என்று கத்தினானாம். "வரும் ஐயா, வரவேற்பறையைக் கழுவி விடுறாங்க" என்றானாம் டாபி. பம்பு அடித்துக்கொண்டே இருந்தார்கள், தண்ணீர் குறையவில்லை. அவன் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே பம்புக் கைப்பிடியைப் பிடித்தானாம், உள்ளங்கைத் தோல் உரிந்து பிடி வழுக்கியதாம். அம்மா அம்மா என்று அழுதானாம். கடைசியில் நெட் ஹார்லின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கரைக்குத் திருப்பு என்றானாம். எதுக்கு ஐயா, உறுதியான கப்பலாச்சே என்று நெட் ஹார்ல் கேட்டாராம். "உளுத்தது, உளுத்தது! ஆல்பியனும் இப்படித்தான், எனக்குத் தெரியும், எல்லாம் தெரியும்!" என்றானாம். பம்புச் சத்தத்தில் கேக்கலை, இன்னும் சத்தமா என்றாராம் நெட் ஹார்ல். மூன்றாம்முறை அவன் கத்தியதைப் பாய்மரத்தின் மேலிருந்தவர்கள்கூடக் கேட்டார்களாம். அதற்குப் பிறகுதான் சுக்கானைத் திருப்பினார்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கப்பல் தாழ்ந்து தாழ்ந்து வருவதை மலையிலிருந்து பார்த்துவிட்டு ஊரே தெற்கு மணலுக்கு ஓடியது. நெட் ஹார்ல் நேராக மணலில் கொண்டுவந்து ஏற்றினார். ஏற்றின அதிர்வில் டொரோதியா நடுவில் பிளந்தது. நாங்கள் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்துச் சங்கிலியாக நின்றோம், அலையில் வருகிற ஒவ்வொருவனையும் பிடித்துக் கரைக்குத் தள்ளினோம். ஒருவரும் சாகவில்லை, அதை முதலில் எழுதியிருக்கவேண்டும். சங்கிலியின் கடைசியில் நான் நின்றேன். லாரிமர் என்னிடம்தான் வந்து சேர்ந்தான். கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். கூழாங்கல் காலடியில் உருண்டது, அவனால் நிற்க முடியவில்லை, நான் பிடித்திருந்ததுதான் அவனுக்குப் பிடிப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டான். "விட்டுராதே தாயி" என்றான். மகனே, உன்னிடம் மறைக்கமாட்டேன், கை தளர்ந்தது. ஒரு அலை அவன் தலைக்குமேல் போனது. மேலே வந்து இருமினான். "எம் புருஷன் பேரைச் சொல்லு" என்றேன். விழித்தான். திரும்பவும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, கட்பர்ட். விலங்கு போட்டு ஏற்றினான், இன்சூரன்ஸ் வாங்கினான், இறைச்சி அனுப்பினான், பெயர் தெரியவில்லை. "ரால்ஃப் ஸ்டோரி" என்று நான் சொன்னேன், அவனைச் சொல்லச் சொன்னேன். இன்னொரு அலை. சொன்னான். எனக்குப் பின்னால் என் கையைப் பிடித்திருந்த கெசாயா, "ஆபெல். சைலஸ்" என்றாள். அதையும் சொன்னான். கத்திக் கத்திச் சொன்னான். அப்புறம்தான் இழுத்தேன். மணலில் போட்டபோது ப்ரையர் குனிந்து, கப்பல் எப்படி என்று கேட்டார், உளுத்தது என்றான். கப்பல் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள், அவனால் வேறென்ன சொல்ல முடியும், பலகைகள்தான் அலையில் தூள் தூளாக வந்துகொண்டிருந்தனவே.

சட்டம் அவனைத் தொடவில்லை. உளுத்த கப்பலை அனுப்புகிறவனுக்குச் சிறை கிடையாதாம், ஏற மறுக்கிறவனுக்குத்தானாம். ஆனால் அவன் கப்பல் எதற்கும் இப்போது இங்கிலாந்தில் இன்சூரன்ஸ் கொடுப்பார் இல்லை, ஏறுவார் இல்லை. மீதி இரண்டையும் விறகுக்கு உடைத்தார்கள். மலைமேல் வீடு கைமாறியது. மனைவி பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள், மச்சான் மாஜிஸ்திரேட் வேலையை விட்டுவிட்டான். இவனுக்குப் போக்கிடம் இல்லை, மீன் உலர்த்தும் கொட்டகைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துக்கு வருகிறான். நான் அவனுக்கு நேர் பின்வரிசையில் உட்காருகிறேன். போதகர் மௌன ஜெபம் என்றதும் எல்லோரும் தலை குனிவார்கள், அப்போது நான் அவன் காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரி அந்தப் பெயர்களைச் சொல்கிறேன். ரால்ஃப் ஸ்டோரி, ஆபெல், சைலஸ், ஆல்பியனில் போன மற்றவர்கள், ஒருவர் விடாமல். அவன் கழுத்து சிவப்பதைப் பார்ப்பேன். இடம் மாறி உட்கார்ந்தான், நானும் மாறினேன். போதகரிடம் முறையிட்டிருக்கிறான். அவர் வந்து, மன்னிக்கக் கூடாதா அன்னா என்றார். "மன்னிக்கலாம் ஐயா, எனக்கு இன்னும் வயசிருக்கு, அவசரமில்லை" என்றேன்.

அதனால் உன் கத்தியை ரொட்டி வெட்ட வைத்துக்கொள். அவன் என் ஆள், உன் ஆள் இல்லை. குழியில் இறங்கும்போது பக்கவாட்டு மண் சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கு, ஈரச் சட்டையோடு தூங்காதே, அங்கே நல்ல பெண் யாராவது கண்ணில் பட்டால் எழுது, உன் தங்கை குழந்தைக்கு நீ ஒரு பெயர் சொல்லி அனுப்பு, சொல்லாவிட்டால் அவள் புருஷன் வீட்டார் ஏதாவது வாயில் நுழையாத பெயராக வைத்துவிடுவார்கள். கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், உன் கை நல்ல காரியத்துக்கு மட்டும் ஓங்கட்டும். நீ பல்லாண்டு வாழ்ந்து பிள்ளை குட்டியோடு எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிரு. அவசரமாக ஊர் திரும்பாதே கண்ணு. செத்தவன் காதில் நான் எந்தப் பெயரைச் சொல்வது?

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
அன்னா ஸ்டோரி.