எண்ணூறு மீட்டர் கேபிள்

நாள் 212. காலை 09:10
எழுதுவது இருதயராஜ், நிலவின் தென்துருவ நிலையம். துளையிடும் அறையின் காற்றுச் சுத்திகரிப்பானுக்குள் ஒரு குட்டிக் கணினி உண்டு. எண்ணூறு மீட்டர் சீரியல் கேபிள் வழியாக அதற்குப் புதிய நிரல் அனுப்புகிறேன். இரண்டு நிரலுக்கு அதில் இடமில்லை என்பதால் வழக்கம்போல் பழையதை முதலில் அழித்துவிட்டேன். கோப்பு போய்ச் சேர மூன்றே முக்கால் மணி நேரம். ஆமை வேகம். அதுவரை சுத்திகரிப்பான் ஓடாது. அந்த அறையில் இருப்பவர் பனிக்கட்டி ஆய்வாளர் பேச்சியம்மாள் அக்கா. இங்கே நாங்கள் இரண்டே பேர். அவருக்கு ஒன்பது மணி நேரக் காற்று இருக்கிறது.

காலை 11:30
பதினொரு முறை அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் மூன்றாவது நிமிடத்தில் அறுந்தது. அறுந்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பூமியிடம் கேட்டேன்.
"கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்."
மகா அறிவாளிகள்.

பகல் 12:50
காரணம் தெரிந்துவிட்டது. அறையின் சூடேற்றி ஓடும்போது அதன் மின்கம்பி கேபிளுக்குள் இரைச்சலைக் கிளப்புகிறது. ஆய்வுக்குழுவுக்கு அனுப்பும் படம் அழகாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிப் புதைத்தவன் நான்தான். பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

அக்கா நடந்து வரவும் முடியாது. அவருடைய விண்வெளி உடையில் காற்றுக்குழாய் கிழிந்திருக்கிறது. என் உடை போன மாதமே பழுதாகிவிட்டது.

பகல் 13:30
ரேடியோவில் அக்கா: "எலேய் இருதயம், சூட்ட அணைச்சிட்டு அனுப்புல. மூச்சு முட்டிச் சாவதுக்குக் குளிரு பரவாயில்ல."
அணைத்தேன். கோப்பு போகிறது. மூன்றாவது நிமிடம் தாண்டியது.

பிற்பகல் 14:40
"பல்லு தந்தியடிக்கு. எத்தன சதவீதம்ல?"
நாற்பது என்றேன். முப்பத்தொன்றுதான் ஆகியிருந்தது. அறையில் உறைநிலைக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி.

பிற்பகல் 15:55
"கை இருக்கா இல்லியான்னே தெரியல. சும்மா எதாவது பேசிட்டே இரி."
போய்ச் சேர்ந்த துண்டுகளின் எண்களைப் படித்துக்காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார்.

மாலை 16:20
"ம்" நின்றுவிட்டது. எழுபத்தைந்து சதவீதம். சூடேற்றியின் சுவிட்சில் விரல் இருக்கிறது. போட்டால் கோப்பு அறுந்துவிடும். இன்னொரு முறை அனுப்பக் காற்று போதாது. பயமாக இருக்கிறது. போடவில்லை. போடாதது நான்தான். இதைக் கண்டெடுப்பவர் வேறு யார்மீதும் பழி போட வேண்டாம்.

மாலை 17:15
நூறு. ஒரு பிழையும் இல்லை. சூடேற்றியைப் போட்டேன். சுத்திகரிப்பான் ஓடுகிறது. அக்கா, காற்று வந்துவிட்டது. அக்கா.

மாலை 17:36
புது நிரலின் முதல் செய்தி:
"சுத்திகரிப்பான் சரி. இருபது நிமிடமாக மூச்சிலிருந்து புதிய கரியமிலவாயு வரவில்லை. அறையில் ஆள் இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைகிறேன்."

மாலை 17:37
ஆள் இருக்கிறார் என்று தட்டினேன். ஏற்கவில்லை.
மறுபடி தட்டுகிறேன். ஆள் இருக்கிறார். ஆள் இருக்