கை நனைத்த வீடு

ஆனைமலையன்பட்டி,
6.10.2024

தங்கச்சி பவானிக்கு அண்ணன் வேல்பாண்டி எழுதுவது.

எட்டு வருசமாகப் பேசாத அண்ணன் இப்போது எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்து, உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லையே. இந்த வழியைச் சொன்னது ஆத்தாதான். "பேசத்தானலே கூடாது, எழுதுனா சாமி கண்ணக் குத்திருமா?" என்றது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். பன்னீர் திராட்சை இந்த முறை மழையில் வெடித்துவிட்டது. வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏற்றிப் போனான். ஓவியா எட்டாவது படிக்கிறாள். அத்தை மாதிரி நர்ஸ் ஆவேன் என்று என் காதுபடவே சொல்கிறாள். கொழுப்பைப் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ராக்கப்பன் மலேசியாவில் இருக்கிறான். ஜொகூர் பக்கம் ஏதோ ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறானாம். பக்கத்துத் தோட்டத்துக் கோட்டைச்சாமியின் மருமகன் கேள்விப்பட்டு வந்து சொன்னான், ஊர்ப் பேர் தெரியவில்லை. நீ தீபாவளி லீவில் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பக்கம் சுற்றிப்பார்க்கப் போவதாக ஆத்தாவிடம் போனில் சொன்னாயாமே.

அப்பாவின் தலையை மண்வெட்டியால் பிளந்தவன் அங்கே குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறான். மடையைத் திறந்துவிட்ட தகராறுக்கு ஒரு உயிர்! அன்றைக்கு நம் தோட்டத்துக்குள் வந்த தண்ணீர் சிவப்பாக வந்ததை நீயும்தானே பார்த்தாய்? பார்த்துவிட்டு, அப்பாதான் முதலில் அரிவாளை வீசினார், ராக்கப்பனுக்கு ரெண்டு விரல் போன பிறகுதான் அவன் மண்வெட்டியை எடுத்தான் என்று கோர்ட்டில் சொன்னாய். அவனை விட்டுவிட்டார்கள். அதற்குத்தான் நான் உன்னோடு பேசுவதில்லை.

அவன் விழுகிற அன்று கருப்புக்கு வெட்டுவதாக ஆத்தா நேர்ந்துவிட்ட கிடா இன்னும் கிடக்கிறது. பல் போய்விட்டது, தழையை இடித்துப் போட வேண்டியிருக்கிறது. அது தானாகச் செத்தால் குடும்பத்துக்கு அசிங்கம். பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், ஊர்ப் பேரை மட்டும் எழுது.

உன் அண்ணன்,
வேல்பாண்டி

சிங்கப்பூர்,
5.11.2024

அன்புள்ள அண்ணனுக்குப் பவானி எழுதுவது.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வார்டிலேயே அழுதுவிட்டேன். படித்த பிறகு அழுகை நின்றுவிட்டது. எட்டு வருசம் கழித்துத் தங்கச்சிக்கு எழுதுகிற கடிதத்தில் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லையே அண்ணே!

மலேசியா போய் வந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பாதியை மட்டும் ஓவியாவுக்குப் படித்துக் காட்டு. பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு, நாம் குமுளிக்கு ஏறிப் போகிற மாதிரிதான். ஆனால் இந்தக் கரையில் இறங்கி ஒரு முத்திரை, அந்தக் கரையில் இறங்கி ஒரு முத்திரை. தீபாவளிக் கூட்டத்தில் நசுங்கிப்போனோம். அப்புறம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம், செம்பனை, செம்பனை. நம் பக்கம் தென்னை முடிந்தால் வாழை, வாழை முடிந்தால் மலை. அங்கே எதுவும் முடிகிற மாதிரியே தெரியவில்லை. மத்தியானமானால் மழை கொட்டுகிறது, ஒருத்தரும் ஓடி ஒதுங்குவதில்லை. தமிழ் ஆட்கள் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். இத்தனை வருசத்தில் சிங்கப்பூரில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. செம்பனை ஓரத்தில் ஒரு முனியாண்டி கோயில் பார்த்தேன். கையில் அரிவாள், வாயில் சுருட்டு. கடல் தாண்டி வந்தும் இவர் அரிவாளைக் கீழே வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஓவியாவுக்குப் படிக்காதே.

ராக்கப்பனைப் பார்த்தேன். தேடவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என்னோடு வேலைபார்க்கிற திரிஷாவின் சித்தி வீடு அந்த ஊரில்தான். "உங்க ஊர்க்காரர் ஒருத்தர் சமைக்கிறார், கோழிக்குழம்பு அப்படி இருக்கும்" என்று அவர் சொன்னதுமே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். விடுவார்களா? பிடித்து உட்காரவைத்து இலையைப் போட்டுவிட்டார்கள். பரிமாறியது வேறு ஆள். ஒரு வாய் வைத்தேன். அப்படியே ஆத்தா வைக்கிற குழம்பு. என்னால் நிறுத்த முடியவில்லை. பாதி இலை காலியானபோது, கம்பம் பக்கத்துப் பிள்ளை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவரே ரசவாளியோடு வந்தார். ஊற்றிய கையில் மூன்று விரல்தான் இருந்தது.

நிமிர்ந்தேன். அவரும் பார்த்தார். வாளி நழுவிக் கொதிக்கிற ரசம் அவர் காலிலேயே கொட்டியது. சுட்டதுகூடத் தெரியாமல் நின்றார்.

"வேலுச்சாமி அண்ணன் மகளா?"

"ஆமா."

"எந்திரி தாயி. நான் யாருன்னு தெரியலயா? எங்கிட்டக் கை நனைக்கலாமா நீ?"

பகைவீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் அந்தப் பகை அதோடு செத்தது என்று நம் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? நான் எழுந்திருக்கவில்லை. மிச்சச் சோற்றையும் பிசைந்து சாப்பிட்டேன். உறவுவீட்டில் மடிப்பதுபோல இலையை என் பக்கமாகவே மடித்தேன். அவர் அடுப்படிக்குள் போய் ஓவென்று அழுதது கடை முழுக்கக் கேட்டது.

ஊர்ப் பேரை எழுத மாட்டேன் அண்ணே. நான் கை நனைத்தாயிற்று, இதோடு விடு. கிடாயை அவிழ்த்துவிடச் சொல்.

அன்புத் தங்கை,
பவானி

ஆனைமலையன்பட்டி,
17.11.2024

பவானிக்கு,

நீ தின்றது கோழிக்குழம்பு இல்லை, அப்பாவின் ரத்தம். அதை அப்படியே ஆத்தா வைத்த மாதிரி இருந்தது என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரிவாளோடு ராக்கப்பன் தோட்டத்துக்குப் போனேன். குலை தள்ளிய வாழை ஒன்று விடாமல் சாய்த்தேன். அவன் தம்பி காமராஜ் ஓடிவந்து மறித்தான். தோளில் ஒரு வெட்டு. எலும்பில் அரிவாள் சிக்கிக்கொண்டது, நெஞ்சில் மிதித்துத்தான் உருவினேன். மரத்திலிருந்து அரிவாள் மேல் விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான். போலீசுக்குப் போக மாட்டான், அவனும் என்னை நேரில்தான் பார்த்துக்கொள்வான்.

கடையில் சாப்பிடுவது கை நனைத்ததாகாது. காசு கொடுத்துத் தின்றால் அது வியாபாரம். கம்பம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றவனெல்லாம் சம்பந்தியா? ஆத்தா நீ எழுதியதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்காமல் கிடக்கிறது. "காசு குடுத்தாளான்னு கேளு. குடுத்திருந்தா ஒண்ணுமில்ல" என்கிறது.

காசு கொடுத்தாயா இல்லையா? அதை மட்டும் எழுது. வேறு வியாக்கியானம் வேண்டாம்.

வேல்பாண்டி

சிங்கப்பூர்,
29.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை எழுதினால் உனக்கு வசதி. எழுத மாட்டேன். நோட்டை நீட்டினேன், அவர் தொடவில்லை. "ஊர்ப் பிள்ளைக்குச் சோறு போட்டுட்டுக் காசு வாங்கவா? மிச்ச விரலும் அழுகிப்போகும் தாயி" என்றார். திரிஷா கல்லாவில் வைத்ததையும் எடுத்து அவள் பையிலேயே திணித்துவிட்டார். நான் சாப்பிட்டது விருந்துதான். ஆத்தாவிடம் இதை அப்படியே சொல்.

காமராஜை மிதித்து அரிவாளை உருவியதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். இங்கே வார்டில் இந்த மாதிரிக் காயங்களுக்குத் தினமும் கட்டு மாற்றுகிறவள் நான். அந்த ஆள் இனி அந்தக் கையால் தன் பிள்ளையைத் தூக்க முடியாது, தெரியுமா? நீ கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ஓவியா எங்கே இருந்தாள்? அவள் உனக்குத் தண்ணீர் ஊற்றினாளா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாமல் செய்தால் அது உன்னை ஏமாற்றுவது. கிளம்பும்போது அவர், "உமாதேவியப் பாத்து எட்டு வருசமாச்சு. ஊருக்கு வரலாமா தாயி?" என்று கேட்டார். மனைவியைப் பார்க்கக்கூட என்னிடம் அனுமதி கேட்கிறார். "வாங்க" என்றேன்.

மார்கழிக்கு முன்னால் வருகிறார். வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு நம்மிடமே வருவார். தட்டை வாங்கிக்கொள் அண்ணே. மனசு வரவில்லையென்றால் கதவைச் சாத்திக்கொள். அதற்கு மேல் ஒன்றும் செய்துவிடாதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன். மகள் கை நனைத்த வீட்டு ஆளைத் தொட ஆத்தா விடாது என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உன் தங்கை,
பவானி

மத்திய சிறை, மதுரை,
3.1.2025

தங்கச்சி பவானிக்கு,

மனு போட்டுப் பார்க்க வந்த கோட்டைச்சாமியிடம் இதை மறைத்துக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நடந்ததை ஆத்தா போனில் சொல்லியிருக்கும். நானும் சொல்கிறேன். தோட்டத்தில் திராட்சைக் கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன், அரிவாள் பக்கத்தில் இருந்தது. பந்தலுக்குள் குனிந்து குனிந்து வந்தான். தலை நரைத்துப்போயிருந்தது, பின்னால் உமாதேவி. வெற்றிலைத் தட்டை அந்த மூன்று விரல் கையில் ஏந்தியிருந்தான். "வேல்பாண்டி, பவானிதான் வரச் சொல்லுச்சு" என்றான். உன் பேர் அவன் வாயில் வந்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. கழுத்தில் முதல் வெட்டு. அவன் ஓடவில்லை பவானி. தட்டைக் கீழே போடாமல் நின்றான். அதுதான் எனக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. எத்தனை வெட்டு என்று போலீஸ் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. குறுக்கே விழுந்த உமாதேவிக்கு மணிக்கட்டு பாதி போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

அதே அரிவாளோடு வீட்டுக்கு வந்து, "ஆத்தா, கிடாயப் பிடி" என்றேன். ஆத்தா அசையவில்லை. "ஏலே, எம் மக கை நனச்ச வீட்டாளயா வெட்டிட்டு வந்திருக்க? சாமி இதத் தொடாதுலே" என்று கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பிடுங்கிக்கொண்டு போய் நானேதான் கோயில் வாசலில் வெட்டினேன். பூசாரி வரவில்லை. கறியை ஊரில் ஒரு ஆள் வாங்கவில்லை, நாய் இழுத்துக்கொண்டு போனதாம். ஆத்தா இன்றுவரை என்னைப் பார்க்க வரவில்லை.

உன்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. "வேல்பாண்டியையும் தீர்த்துக்கட்டத்தான் ஊருக்குப் போகிறேன்" என்று அவன் மலேசியாவில் உன்னிடம் சொன்னதாக நீ கோர்ட்டில் சொல்ல வேண்டும். நீ சொன்னால் நம்புவார்கள், அப்பாவுக்கு எதிராகவே உண்மை சொன்னவள் ஆயிற்றே. எனக்காக வேண்டாம், ஓவியாவுக்காகச் சொல். தாயும் இல்லாதவளுக்கு அப்பனாவது வேண்டும்.

உன் அண்ணன்,
வேல்பாண்டி

ஆனைமலையன்பட்டி,
22.1.2025

வேல்பாண்டி அண்ணனுக்கு,

ஊருக்கு வந்திருக்கிறேன். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

முதலில் உமாதேவி அக்காவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நின்றேன். கட்டு அழுக்காக இருந்தது, மாற்றிவிடவா என்று கேட்டேன். கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "உனக்கு இங்கன தண்ணி கெடையாது தாயி. நீ சாப்பிட்டுப் போன சோத்த நம்பித்தான அவக வந்தாக" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது எனக்கும் எந்தச் சோறும் இறங்கவில்லை. வரச் சொன்னவள் நான்தான். அதைச் சாகும்வரை சுமப்பேன்.

காமராஜ் ஒரு கிடாக்குட்டி வாங்கிக் கருப்புக்கு நேர்ந்து கட்டியிருக்கிறார். தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. அதனால் ஓவியாவை இந்த ஊரில் விடப்போவதில்லை. மதுரையில் ஹாஸ்டலில் சேர்க்கிறேன், ஆத்தாவும் சரி என்றுவிட்டது. உன்னைப் பார்க்க வர வேண்டுமா என்பதை அவளே பெரியவளாகி முடிவு செய்துகொள்ளட்டும்.

நேற்று கருப்பசாமி கோயிலுக்குப் போய் நானும் சூடம் அணைத்தேன். உன் சத்தியத்தில் எழுதுவதற்கு ஒரு ஓட்டை வைத்தாய், நான் வைக்கவில்லை. இனி உன்னோடு பேசவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன். இதுதான் கடைசி.

சம்மன் வந்தால் வருவேன். வெற்றிலைத் தட்டோடு வந்த ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஒன்று விடாமல் சொல்வேன். என் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அங்கே கூண்டில் நின்று கேட்டுக்கொள்.

வேலுச்சாமி மகள்,
பவானி