அவர் எழுதிய என் பெயர்

நவம்பர் 10, திங்கள். விடிந்ததிலிருந்து மழை.

இன்று முக்கியமான தீர்மானம் ஒன்று நிறைவேறியது: இனிக் காலையில் ஒரு டம்ளர் காபி மட்டும் போடுவது. வந்திருந்தோர் ஒருவர். எதிர்ப்பு இல்லை. வீட்டுக்காரர் சிறைக்குப் போய் இருபத்திரண்டு நாள்.

எடுத்துப்போக: பல்பொடி, இரண்டு லுங்கி (சாம்பல் நிறம் வேண்டாமாம்), தைலம்.

கீரைக்காரம்மா: "இன்னாம்மா, தலைவர் எப்போ வராரு?" ஊராட்சித் தலைவர் நான்தான். பெண்களுக்கான இடம், போர்டில் என் பெயர். ஆனால் நாலு வருடமாகத் தலைவர் என்றால் அவர். வாசலில் யாராவது தலைவர் இருக்கிறாரா என்று கேட்டால் நானே "வெளிய போயிருக்காரு" என்பேன்.

நவம்பர் 12, புதன். தூறல்.

மாமல்லபுரத்தில் பஸ் மாறிச் செங்கல்பட்டு. மனு எழுதிக் கொடுத்து மூன்று மணி நேரம். பார்க்கப் பத்து நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், கையில் போன். இளைத்திருக்கிறார்.

"கம்பத்துல கொடி கீதா?"

"இருக்குது. நனைஞ்சு போய்."

"மாவட்டச் செயலாளர் வூட்டுக் கல்யாண பேனர்ல என் படம் போட்டானுங்களா?"

"ஓரத்துல." (பொய். போடவில்லை.)

ஆறு நிமிடம் இப்படி. பிறகு வழக்கு. கடற்கரைப் புறம்போக்கில் விடுதி கட்டத் தடையில்லை என்ற தீர்மானத்தில் என் கையெழுத்தை அவர் போட்டார் என்பது குற்றச்சாட்டு. எல்லாக் காகிதத்திலும் அவர்தான் போட்டார், ஊருக்கே தெரியும். அடுத்த வியாழன் நீதிபதி முன்னால் நான் மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீ போட்டதுன்னு சொல்ட்டா கேஸ் நிக்காது. நான் போடற மாரியே போட்டுடு."

"அப்ப எம்மேல வருமே?"

"பொம்பளய இன்னா பண்ணிடுவானுங்க? நீ படிச்சவ வேற."

கண்ணாடியில் விரலால் என் பெயரை எழுதிக் காட்டினார். எனக்கு இடம் வலமாகத் தெரிந்தது. பதினெட்டு வருடத்தில், என்னைப் பார்த்துக்கொண்டே என் பெயரை எழுதியது இன்றுதான். இன்னொரு முறை எழுதச் சொன்னேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

நவம்பர் 15, சனி. மழை விட்டது.

வக்கீல் கொடுத்த தீர்மான ஜெராக்ஸை வைத்துப் பயிற்சி. என் கையெழுத்தில் வசந்தி நேராக நிற்பாள். அவருடைய வசந்தி சாய்ந்து ஓடுகிறாள். கீழே இரண்டு கோடு வேறு. என்னைவிடத் தைரியசாலி. நோட்டு முழுக்க அவள்.

அவருடைய ஆள் செல்வம் வந்து பார்த்தான். "சூப்பர் அண்ணி! அப்டியே அண்ணன் கை. அன்னிக்கு பேங்க்ல நீங்களா ஒண்ணு போட்டு பேஜாராச்சே, ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருக்கிறது. தலைவரின் கையெழுத்து இது இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

நவம்பர் 20, வியாழன். பலத்த காற்று.

நீதிபதி பெண். என் வயதுதான் இருக்கும்.

"யாராவது வற்புறுத்தினாங்களாம்மா?"

"இல்லீங்க மேடம்."

பத்து முறை போட்டேன். பத்து முறையும் அவருடைய வசந்திதான், இரண்டு கோட்டோடு. வெளியே கடையில் வடை, ஆறியது. சாப்பிட்டேன். பஸ்ஸில் அழுகை. பக்கத்து சீட்டு அம்மா யார் செத்தது என்று கேட்டாள். தூரத்துச் சொந்தம் என்றேன்.

ஜனவரி 6, செவ்வாய். பனி.

கையெழுத்துகள் பொருந்துவதாக அறிக்கை. நேற்று அவரை விட்டுவிட்டார்கள். மாலை, வெடி, முட்டுக்காடு வரை ஊர்வலம். எனக்கு வேனில் இடமில்லை. இன்று காலைதான் வீட்டுக்கு வந்தார்.

"மீன் கொழம்பு கீதா?"

இருந்தது.

ஜனவரி 19, திங்கள். நல்ல வெயில்.

சம்மன், என் பெயருக்கு. கூடவே பதவி நீக்க நோட்டீஸ். ஊராட்சி இன்னமும் பெண்களுக்கானதுதான். அடுத்த தலைவர் பதவிக்கு அவர் தன் தங்கை கலாவின் பெயரைக் கொடுத்திருக்கிறார்.