துரு இல்லாத சிலிண்டர்

அண்ணே,

பிள்ளைக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த துணிப்பையை இன்று காலையில் பீரோவிலிருந்து எடுத்தேன். ஜிப்பைத் திறந்ததும் கருகிய ரப்பர் வாடை. பதினோரு மாதமாகியும் அந்த வாடை போகவில்லை. உள்ளே இருந்தது உன் காரில் இருந்த தீயணைப்பான். அது என்னிடம் இருப்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உன் மாப்பிள்ளைக்கும், அதான் என் வீட்டுக்காரருக்கும், தெரியாது.

அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டப் போகிறார். நீ ஓட்டின அதே மண் தரைப் பந்தயம்தான். உன் கூட்டாளிகள் சேர்ந்து நடத்துகிறார்கள், உன் நினைவாக. கதவில் உன் நம்பரை ஒட்டியாகிவிட்டது. வேண்டாம் என்று அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டிவிட்டு வருகிற மனுஷன், களைப்போடு என் தலையைத் தடவிவிட்டு ஒன்று சொன்னார். "நீ இன்ஜினியரிங் படிச்சவதான. ஃபயர் சிலிண்டர நீயே பாத்து வாங்கு. காசு போனாலும் துருப்பிடிக்காததா பாரு. மச்சானுக்கு ஆனது எனக்கு ஆகக் கூடாது."

துரு. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

உன் சிலிண்டரை வாங்கவும் நானும் நீயும் சேர்ந்துதான் போனோம். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்த நேரம், சாரலில் நனைந்துகொண்டே தென்காசி பஜாரில் தீயணைப்பான் விற்கிற அண்ணாச்சி கடைக்குள் ஏறினோம். உன் வீல் அலைன்மென்ட் கடைக்கும் அவர்தான் சிலிண்டர் போட்டுக் கொடுத்தவர். "கல்யாணத்துக்குக் கூட எந் தங்கச்சி இவ்வளவு யோசிச்சு மாப்பிள்ளை பாக்கலியே அண்ணாச்சி" என்று என்னைக் கேலி செய்தாய். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அழுத்தம் காட்டுகிற முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, கடைசியில் இரண்டு கிலோ பவுடர் சிலிண்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல பொருள் அண்ணே. அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அடுத்த பங்குனியில் ஒருநாள் உன் காருக்குள் ஏறி விளையாடின என் மகள், சிலிண்டரின் பிடி அழுங்காமல் தடுக்கிற பின்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பூட்டைக் கடித்து அறுத்துவிட்டு வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, மோதிரம்!" என்றாள். நீ சிரித்தாய். நான் ஓடிவந்து அதைப் பிடுங்கினேன். பிடியை அழுத்தியிருந்தால், பவுடர் முகத்தில் அடித்திருந்தால் என்று அன்று முழுக்க என் புத்தி அதிலேயே சுற்றியது. மறுநாள் கீழப்பாவூர்க் கோயிலுக்குப் போனவள், கையில் கட்டுகிற சிவப்புக் கயிறு வாங்கிவந்தேன். பின்னைத் திரும்பச் செருகி, வளையத்தையும் பிடியையும் சேர்த்து ஏழு சுற்றுச் சுற்றி ஏழு முடிச்சுப் போட்டேன். பிள்ளையும் இழுக்க முடியாது, உனக்கும் காவலாக இருக்கும். இரண்டையும் நினைத்துத்தான் கட்டினேன்.

நீ பார்த்துவிட்டு என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கா? "ஏட்டி, இது என்ன சிலிண்டருக்கு அரைஞாண் கட்டிருக்க?"

"சாமி கயிறுண்ணே. இருக்கட்டும்."

"சாமி கயித்த நான் அவுப்பனா? ஆனா போட்டிக்கு முந்தி அவுத்துருவேன், பாத்துக்க. வண்டிய சோதிக்க வாரவன் இதப் பாத்தா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவான்."

போட்டிக்கு முந்தி. நீ போனது போட்டிக்கு இல்லையே. சித்திரை வெயிலில், இலத்தூர்ப் பக்கம் வற்றிக் கிடந்த குளத்துக்குள் பழகிப் பார்க்கப் போனாய். வளைவில் நின்ற வண்டியின் சூடான சைலன்சர் காய்ந்த புல்லைத் தொட்டுத் தீப்பிடித்திருக்கிறது. நேரம் குறிக்கக் குளத்தின் அந்தக் கடைசியில் நின்றவர் உன் மாப்பிள்ளை. நீ பெல்டை அவிழ்த்து வெளியே வந்ததைப் பார்த்தாராம், தப்பிவிட்டாய் என்று நினைத்தாராம். நீ சிலிண்டரோடு திரும்பவும் வண்டிப் பக்கம் ஓடினாய். குனிந்து எதையோ பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு நின்றாய். அதற்குள் பெட்ரோல் குழாய் பற்றிக்கொண்டது.

உன்னை வேனில் ஏற்றிக்கொண்டு போனபிறகு அங்கே வந்து சேர்ந்தவள் நான். சாம்பலுக்குள் கிடந்தது சிலிண்டர். கயிறு ஒரு பக்கம் கருகியிருந்தது, முடிச்சுகள் அப்படியே இருந்தன. என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் அதைப் பிள்ளையின் பைக்குள் திணித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய். இரண்டாம் நாள் உன் மாப்பிள்ளை கேட்டார், "சிலிண்டர் பின்னு ஏன் மச்சான் கழண்டு வரல?" நான் கால்மாட்டில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். உதடெல்லாம் புண்ணாக இருந்தது. "துருலே மாப்ள. சாரல்ல நனஞ்சு துருப்பிடிச்சுப் போச்சு" என்றாய். மதினியும் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. நீ போகிற வரைக்கும் திறக்கவில்லை.

எனக்காகச் சொன்னாய். ஆனால் அந்தப் பொய் யார் தலையில் போய் விழும் என்று நினைத்துப் பார்த்தாயா அண்ணே? பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் மதினி நேராக பஜாருக்குப் போனாள். கடை வாசலில் நின்று, "துருப்பிடிச்சதக் குடுத்து எம் புருசனக் கொன்னுட்டியே, நீ வெளங்குவியா" என்று கத்தி, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். தெருவே கூடி நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நம்மாட்கள் யாரும் போகவில்லை. மற்றவர்களும் குறைந்துவிட்டார்கள் என்று கேள்வி.

இன்று நான் போனேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனேன், ஆனால் திறக்கத் தைரியம் வரவில்லை. "காருக்கு ஒரு சிலிண்டர் வேணும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. "வேற கடையில வாங்கிக்கிடுங்கம்மா. இன்னொரு சாவுக்குப் பேர் வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

"துருப்பிடிக்காதது எதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "துரு, துருன்னு! உள்ள இருக்கது என்னன்னுல்லா பாக்கணும்? மூடுன வண்டிக்குள்ள பவுடர் அடிச்சா கண்ணு தெரியாது, மூச்சு முட்டும். சீட்டுப் பக்கத்துல தீயணைக்கிற கேஸ் அடைச்ச சிலிண்டர் வைங்க. பெல்டு போட்டபடியே கை எட்டுதான்னு பாருங்க. இரும்புப் பட்டை போட்டுத் தரையோட போல்ட் முடுக்கணும், பிளாஸ்டிக் பிடி குலுக்கல்ல தெறிச்சிரும். வெளிய நிக்குத ஆள்கிட்ட பெரிய பவுடர் ஒண்ணு இருக்கட்டும், ஓட்டுதவன் திரும்பப் போயி அணைக்கக் கூடாது. அவன் வேலை வெளிய வாரதோட முடிஞ்சிது." மூச்சு வாங்கினார். "அந்தச் சிலிண்டர ஒருதடவ கண்ணுல காட்டுங்கன்னு கேட்டு ஆள் விட்டேன். காணோம்னுட்டாங்க. பின்னு ஸ்டீலும்மா. ஒரு சீசன் சாரல்ல எப்படி அப்பிடித் துருப்பிடிக்கும்? தூக்கம் வரமாட்டேங்கு எனக்கு."

பையைத் திறந்து மேசையில் வைத்தேன்.

அவர் தொடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். துருவே இல்லாமல் ஸ்டீல் பின் பளபளத்தது. கயிற்றைப் பார்த்தார். நிமிர்ந்து, "யாரு கட்டுனது?" என்றார்.

"நான்தான்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "எம் மகளுக்குக் கல்யாணத்துக்கு வந்த ரெண்டு எடம் தட்டிப்போச்சு, இந்தப் பேச்சுல" என்றார். "என்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோசனம். சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொல்லுங்க. சிலிண்டர அதுக்கப்புறம் வாங்கிக்கிடலாம்."

அங்கிருந்து நேரே மதினி வீட்டுக்குப் போனேன். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு நின்றாள். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்லி முடிக்கும்போது கீழே உட்கார்ந்திருந்தேன். மதினி கையில் உன் பழைய சட்டை ஒன்று இருந்தது, இப்போது தலையணைக்குச் சுற்றுகிறாள். அதை நான்காக மடித்தாள், பிரித்தாள், திரும்பவும் மடித்தாள்.

"சிவப்புக் கயிறு" என்றாள். "நானும் பாத்தேம்ட்டி. அன்னைக்கு வண்டி கழுவும்போது பாத்தேன். வளையத்தோட சேத்துல்லா கட்டிருக்குன்னு தோணுச்சு. சாமி கயிறு, கை வைக்கப்படாதுன்னு தண்ணியத் தெளிச்சுத் தொடச்சு விட்டுட்டேன்."

அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கையைக் கழுவினார். போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவாரா, என்னோடு பேசுவாரா, ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மதினிக்கு இத்தனை நாளும் வெறுக்க ஒரு ஆள் இருந்தார் அண்ணே. அந்த வெறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து குளித்தாள், சோறு பொங்கினாள். இன்று அதை நான் பிடுங்கிவிட்டேன். பதிலுக்கு என்ன கொடுத்தேன்? நான் சுமந்ததில் பாதி குறையும் என்று பார்த்தால், என்னுடையது அப்படியே இருக்கிறது, அவளுக்கும் அதே அளவு ஒன்று வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது பொய் சொல்லியிருப்பாய். எனக்கு வரவில்லை.

மேலே இருக்கிற வரியை முடிக்கும்போது போன் வந்தது. மதினி.

"அந்த அண்ணாச்சி எத்தன மணிக்குக் கடை தொறப்பாரு?"

"பத்து மணிக்கு மதினி."

"ஒம்பதரைக்கே வந்துரு. ஆள் வர முந்தி போயிட்டு வந்துருவோம்." போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"வேண்டாம்ட்டி" என்றாள். "பதினொரு மணிக்குப் போவோம். பஜார்ல நல்லா ஆள் இருக்கட்டும். அன்னைக்கும் ஆள் இருந்துச்சுல்லா."